ரிப்போர்ட்ல யூரிக் ஆசிட் 7.8... பருப்பை நிறுத்தணுமா, மாத்திரை போடணுமா?

ஆபீஸில் ஏற்பாடு செய்த ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. சுகர் ஓகே, கொலஸ்ட்ரால் பார்டர். அதற்குக் கீழே யூரிக் ஆசிட் 7.8 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் ஓர் அம்புக்குறியோடு. உடனே போனில் தேடுகிறீர்கள். 'பருப்பு கூடாது, கீரை கூடாது' என்கிறது ஒரு வீடியோ. 'கிட்னி போயிடும்' என்கிறது இன்னொன்று. வீட்டில் சொன்னால், "எனக்கும் இருக்கு, என் மாத்திரையிலயே ஒண்ணு போட்டுக்கோ" என்கிறார் மாமா.

கொஞ்சம் பொறுங்க. அந்த நம்பர் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு அப்புறம் முடிவெடுக்கலாம்.

இது எங்கிருந்து வருது?

நம் செல்களில் இருக்கும் டி.என்.ஏ-வைக் கட்டும் பொருள்களில் பியூரினும் ஒன்று. பழைய செல்கள் உடையும்போது பியூரினும் உடைகிறது. கடைசியில் மிஞ்சும் கழிவுதான் யூரிக் ஆசிட். நாம் சாப்பிடும் கறி, மீனிலிருந்தும் பியூரின் வரும். ஆனால், மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் உடலுக்குள்ளேயே உருவாவது. சாப்பாட்டின் பங்கு மூன்றில் ஒன்றுதான்.

பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிகேஸ் என்ற என்சைம் உண்டு. அது யூரிக் ஆசிட்டை உடைத்து எளிதில் வெளியேற்றிவிடும். பரிணாம வளர்ச்சியில் மனிதர்கள் அதை இழந்துவிட்டோம். அதனால் பெரும்பாலான வேலை கிட்னியின் தலையில் விழுகிறது. மீதியைக் குடல் வெளியேற்றும். அளவு கூடுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம், கிட்னி இதைப் போதுமான அளவு வெளியேற்றாததுதான். பரம்பரைக்கும் இதில் பெரிய பங்குண்டு.

எவ்வளவு இருந்தா அதிகம்?

பொதுவாக 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 7 மில்லிகிராம், பெண்களுக்கு 6 மில்லிகிராம் வரை நார்மல் என்று லேப்கள் போடுகின்றன. டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் கரையாமல் அடியில் தங்கும் இல்லையா? யூரிக் ஆசிட்டுக்கு அந்தக் கட்டம் சுமார் 6.8. அதற்கு மேல் போனால், ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படிய வாய்ப்பிருக்கிறது. வாய்ப்புதான். அளவு கூடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டுவலி வருவதே இல்லை.

வந்தால் எப்படி இருக்கும்?

படிகம் படிந்து வரும் மூட்டுவீக்கத்துக்குப் பெயர் கவுட். பெரும்பாலும் நள்ளிரவில், கால் கட்டைவிரல் மூட்டில் ஆரம்பிக்கும். உடலின் மற்ற பகுதிகளைவிடப் பாதம் குளிர்ச்சியாக இருப்பதால் படிகம் அங்கே எளிதில் படிகிறது. சிவந்து, வீங்கி, பெட்ஷீட் பட்டால்கூட உயிர் போகும் அளவுக்கு வலிக்கும்.

இதில் ஏமாற்றும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, வலி உச்சத்தில் இருக்கும்போது டெஸ்ட் எடுத்தால் ரிசல்ட் நார்மலாக வரலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். இரண்டு, மருந்தே இல்லாமலும் ஓரிரு வாரத்தில் வலி போய்விடும். 'சரியாயிடுச்சு' என்று விட்டுவிடுவோம். படிகம் அங்கேயே இருக்கும். அடுத்தடுத்து வந்தால் மூட்டு நிரந்தரமாகச் சிதையலாம்.

கிட்னி கல்லும் வரலாம். தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு, சிறுநீரில் அமிலத்தன்மை கூடியவர்களுக்கு இந்த ரிஸ்க் அதிகம். யூரிக் ஆசிட் கல் சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியாது. ஸ்கேன்தான் காட்டும்.

பி.பி, ஹார்ட், கிட்னி... எல்லாத்துக்கும் இதுதான் காரணமா?

உடல் பருமன், ரத்தக்கொதிப்பு, சர்க்கரைநோய், கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு யூரிக் ஆசிட்டும் அதிகமாக இருப்பது உண்மை. ஆனால், சேர்ந்து இருப்பதாலேயே அது காரணமாகிவிடாது. அதைக் குறைத்தால் கிட்னி பாதிப்பு மெதுவாகுமா என்று பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2020-ல் வெளியாகின. மாத்திரையால் யூரிக் ஆசிட் இறங்கியது. கிட்னியின் சரிவு மெதுவாகவில்லை. இதயநோய் உள்ள 5,700-க்கும் மேற்பட்டோரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2022-ல் வந்தது. அதிலும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை.

அதனால்தான், வலியோ கல்லோ இல்லாதவருக்கு நம்பரை மட்டும் பார்த்துப் பொதுவாக மாத்திரை தருவதில்லை. ஆனால் அம்புக்குறியை அலட்சியமும் செய்யாதீங்க. உங்கள் பி.பி எவ்வளவு, இடுப்புச் சுற்றளவு கூடியிருக்கிறதா, சுகர், கிரியாட்டினின், கல்லீரல் கொழுப்பு எப்படி இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லும் சிக்னல் அது. 27 வயதில் பி.பி கூடியிருப்பது இப்படித்தான் பலருக்குத் தெரியவருகிறது.

தட்டில் எதை மாற்றணும்?

அமெரிக்காவில் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியான ஆய்வு, கறி, கடல் உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகம் என்றது. பால் பொருள்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைவு. பியூரின் உள்ள காய்கறிகளுக்கும் கவுட்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. ஆக, சாம்பாரையும் கீரையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

குறைக்க வேண்டியவை: ஈரல், குடல், ஆட்டிறைச்சி, நெத்திலி, மத்தி.

பலர் கவனிக்காத ஆள் கூல்டிரிங்க்ஸ். அதிலுள்ள ஃப்ரக்டோஸை உடைக்கும்போதே கல்லீரலில் யூரிக் ஆசிட் உருவாகும். பாக்கெட் ஜூஸும் இதே கேஸ்தான். பீருக்கு இரட்டைக் கெடுதல்: அதிலேயே பியூரின் உண்டு, ஆல்கஹாலும் யூரிக் ஆசிட் வெளியேறுவதைத் தடுக்கும்.

எடையைக் குறைப்பது நல்லது, மெதுவாக. பட்டினி டயட்டும் தண்ணீர் குடிக்காமல் ஜிம்மில் வியர்ப்பதும் யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும்.

மருந்து விஷயத்தில் விளையாடாதீங்க

கவுட் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் பெயின்கில்லர் வாங்கி நாள் கணக்கில் போட்டால், பலவீனமான கிட்னி மேலும் அடிவாங்கும். டாக்டர்கள் தரும் மருந்துகளில் கால்சிசின் ஒன்று. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இது இருக்கிறது. கரூர், திண்டுக்கல், திருப்பூர் பக்கம் 'கண்வலிக் கிழங்கு' என்று விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அதற்காக அந்தக் கிழங்கை அரைத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். அது ஆளைக் கொல்லும் விஷம்.

அடிக்கடி வலி வருபவர்களுக்கு அலோபூரினால், ஃபெபுக்சோஸ்டாட் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து தருவார்கள். அளவை 6-க்குக் கீழே வைத்திருந்தால் படிந்த படிகங்கள் மெல்லக் கரையும். ஆரம்ப மாதங்களில் வலி மறுபடி வரலாம். பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால், தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். மாமாவின் மாத்திரை வேண்டாம் என்பது இதனால்தான்.

சில பி.பி மாத்திரைகள், குறைந்த அளவு ஆஸ்பிரின், காசநோய்க்கான பைரசினமைடு ஆகியவையும் அளவை ஏற்றும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எப்போ உடனே போகணும்?

ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விலாவில் தாங்க முடியாத வலி, சிறுநீரில் ரத்தம் என்றாலும் தள்ளிப்போடக் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால், இந்த வாரத்துக்குள் பி.பி-யைப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டோடு ஒரு டாக்டரைப் பாருங்கள். கூல்டிரிங்க்ஸை இன்றைக்கே நிறுத்தலாம். அதற்கு யாரும் சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை.