யாழ்ப்பாணத்து வளவும் கிணற்றடியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாறு ஒன்றையே ஆறெனச் சொல்லி ஆறுதலடைகின்றோம். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே கீழிறங்கி, ஆங்குள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உவர் அத்தனை அடி ஏறும். நம் முன்னோர் இக்கணக்கை அறியார். ஆயினும் அளவுக்கு மேல் இறைத்த கிணறு உவர்க்கும் என்பதைப் பட்டறிவால் அறிந்திருந்தனர். அவர்தம் வீட்டுச் சிக்கனத்துக்கு வேர் இதுவே எனலாம்.

கிணற்றிலிருந்து நீரை எடுத்த கருவி துலா. தோட்டக் கிணற்றில் ஒருவரோ இருவரோ துலாமீது ஏறி முன்னும் பின்னும் நடப்பர். துலாக்கொடியில் தொங்கும் பட்டையை மற்றொருவர் கிணற்றுவாயில் நின்று கவிழ்ப்பார். இன்னொருவர் வாய்க்கால் கட்டிப் பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்புவார். வீட்டுக் கிணற்றிலோ சிறிய துலா. ஒருவர் கையே போதும். மனிதர் உடல் களைக்கும்போது இறைப்பு நின்றுவிடும். ஆகவே, ஊறும் நீருக்கும் எடுக்கும் நீருக்கும் இடையே ஓர் ஒழுங்கு தானாகவே அமைந்தது.

அவ்வாறு வருந்தி எடுத்த நீரை ஒரு தடவையோடு விட்டுவிட யாருக்கும் மனம் வராது. கிணற்றடியில் குளித்த நீர் சிறு வாய்க்காலால் வாழைக்கும் கமுகுக்கும் ஓடியது. அரிசி கழுவிய கழுநீரும் வடித்த கஞ்சியும் மாட்டுக்குப் போயின. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கியது. மிஞ்சியது கத்தரிக்கும் பயிற்றைக்கும் தூவப்பட்டது. காணி உறுதிகளிலே நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படும் வழக்கம் இன்றும் உண்டு. ஒரு கிணற்றின் பங்காளர் முறைவைத்து இறைத்தனர். முறை தவறியதால் எழுந்த வழக்குகளுக்கும் குறைவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பல கிணறுகளில் தம் கையால் நீரள்ளும் உரிமை இருக்கவில்லை. பிறர் அள்ளி ஊற்றும்வரை அவர்கள் குடத்தோடு காத்து நின்றனர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் இவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. பழைய சிக்கனத்தைப் புகழ்வோர் அக்குடங்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி வேலிக்கு வருவோம். கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் கதியால்களை நட்டு, பனையோலையால் அடைப்பது யாழ்ப்பாண வேலி. கதியால் தழைத்தால் குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகும். வேலியிலும் கூரையிலும் உக்கிய ஓலையோ, புதிய ஓலைக்கு இடம்விட்டுத் தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகத் தாழ்க்கப்பட்டது. வெயிலையும் மழையையும் தாங்கிய பொருள் ஈற்றில் புகையிலைக்கும் மரக்கறிக்கும் உணவாயிற்று. பனையைப் பற்றி மட்டுமே வில்லியம் பேர்கசன் என்பார் 1850இல் ஒரு தனி நூல் வெளியிட்டார் என்றால், அம்மரத்தின் பயன்கள் அயலவர் கண்ணையும் எவ்வளவு கவர்ந்தன என்பது புலனாகும். ஓலையில் கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பழத்தில் பனாட்டு, விதையை மண்ணில் புதைத்தால் கிழங்கு, கிழங்கை உலர்த்தினால் ஒடியல். கிழங்கை எடுத்த பின் எஞ்சும் ஊமலும் வீணாவதில்லை, அடுப்பெரிக்கும், கரியுமாகும்.

இவ்வொழுங்கை மாற்றியது நீரிறைக்கும் இயந்திரம். 1950களிலிருந்து மண்ணெண்ணெயில் இயங்கும் இயந்திரங்கள் தோட்டந்தோறும் பரவின. துலாமிதித்த கால்களுக்கு அது விடுதலை என்பதில் ஐயமில்லை. அதனைக் குறைகூறுவோர் ஒருநாளேனும் துலாவில் ஏறியிரார். எனினும், களைக்காத இயந்திரம் ஊற்றைக் கேட்டு நிறுத்துவதில்லை. 1970களில் வெங்காய, மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விளைச்சலும் வருவாயும் பெருகின. கூடவே செயற்கை உரமும் பெருகிற்று. ஓலைப் பசளையின் இடத்தை யூரியா பிடித்தது.

பின்னர் 1990களில் போரும் பொருளாதாரத் தடையும் வந்தன. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சு வைத்து, அது ஊறுமளவு மட்டும் எண்ணெய் விட்டு ஏற்றிய சிறு விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். சவர்க்காரம் அரிதாகியபோது பனம்பழக் களியால் துணி வெளுத்தோரும் உளர். பாட்டியர் கைம்முறைகள் பல அந்நாளில் மீண்டன. ஆனால் அது விரும்பி மேற்கொண்ட வாழ்வன்று. தடை நீங்கியதும் பெரும்பாலானவை கைவிடப்பட்டதில் வியப்பில்லை.

இன்று ஓலைவேலி இருந்த இடத்தில் மதில் நிற்கின்றது. துலா நின்ற இடத்தில் மின்மோட்டர். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. உரமும் மலக்குழிகளும் இதற்குப் பெருங் காரணங்கள். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்மார் இதனை அறிந்திருத்தல் அவசியம். மலக்குழியைக் கிணற்றிலிருந்து எட்ட அமைப்பதும், வளவுக் குப்பையை எரிக்காது உக்கவைத்துப் பயிருக்கு இடுவதும் வீட்டார் தாமே செய்யக்கூடியவை.

மற்றொன்று கூரை நீர். 100 சதுர மீற்றர் பரப்புள்ள கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 100 லீற்றர். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. சிந்துவதும் ஆவியாவதும் போக, ஒரு வீட்டுக் கூரையிலிருந்து ஆண்டுக்கு ஓரிலட்சம் லீற்றர் வரை நன்னீர் இறங்கும். முன்னாளில் அது முற்றத்து மணலில் சுவறிக் கிணற்றைச் சேர்ந்தது. முற்றத்துக்குச் சீமெந்து இட்ட பின்னர் அந்நீர் படலையடியால் தெருவுக்கும், தெருவோரக் கானால் கடலுக்கும் போய்க்கொண்டிருக்கின்றது.