நோயாளியும் வேலைக் கணக்கும்: அமெரிக்க மெடிக்கெயிட் திட்டத்தில் வேலை நிபந்தனையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலம், வறியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியைப் பெற்றுவந்தோருள் ஒரு சாரார்மீது புதியதொரு நிபந்தனையை விதித்தது. 30 முதல் 49 வயது வரையுள்ளோர் மாதந்தோறும் 80 மணித்தியாலம் வேலை செய்தல் வேண்டும். அன்றேல் கல்வி, பயிற்சி, தொண்டு, வேலை தேடல் ஆகியவற்றில் ஈடுபடல் வேண்டும். அவ்வாறு ஈடுபட்டமையை மாநில அரசின் இணையத்தளத்தில் தாமே பதிவுசெய்தலும் வேண்டும். ஓராண்டில் மூன்று மாதங்கள் தவறியவருக்கு அவ்வாண்டு முடியும்வரை காப்புறுதி இல்லை. அந்த இணையத்தளமோ இரவு 9 மணி தொடக்கம் காலை 7 மணி வரை மூடப்பட்டிருந்தது. தொலைபேசி வாயிலாக அறிவிக்கும் வசதி டிசெம்பரிலேதான் வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் 18,000க்கு மேற்பட்டோர் காப்புறுதியை இழந்துவிட்டனர்.

அரசாங்க ஆஸ்பத்திரியிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றுப் பழகிய எமக்கு இச்செய்தி விநோதமாகத் தோன்றலாம். ஆயின் இதன் பின்னேயுள்ள கருத்து ஆர்கன்சோவிலே பிறந்ததன்று. ‘உதவிக்குரிய வறியோர்’, ‘உதவிக்குத் தகாத வறியோர்’ என மக்களைப் பிரித்து நோக்கும் மரபு மிகப் பழையது; இங்கிலாந்தின் வறியோர் சட்டங்களினூடாக அது அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சென்றது. வேலை நிபந்தனையை எதிர்ப்போர் பலர் அதனை 19ஆம் நூற்றாண்டின் கொடுமை மீண்டும் வந்ததாகவே வருணிப்பர். எமது நோக்கில் இவ்வருணனை 19ஆம் நூற்றாண்டுக்கு ஓரளவு அநீதி இழைப்பதாகும். அந்நூற்றாண்டின் கடுமையான சட்டங்களும் ஆணைகளும் நோயாளியின் படுக்கையருகே வந்ததும் தயங்கி நின்றன. தயங்காது அதனைத் தாண்டிச் சென்றது எமது காலமேயாகும்.

இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டத்திருத்தத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். நாசோ சீனியர், எட்வின் சட்விக் ஆகியோர் வரைந்த ஆணைக்குழு அறிக்கையே அதற்கு அடிப்படையாயிற்று. உதவி பெறும் உடல்வலுவுள்ளவனின் நிலை, உதவி பெறாது உழைக்கும் மிகத் தாழ்ந்த கூலியாளனின் நிலையினும் கீழானதாக இருத்தல் வேண்டும் என்பது அவ்வறிக்கையின் மூலக் கோட்பாடு. உதவி வேண்டுவோன் வேலைவிடுதிக்குட் புகுந்து, குடும்பத்தைப் பிரிந்து, கல்லுடைத்தும் பழங்கயிறு பிரித்தும் தன் தேவையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலை முதலாளிகளுக்கு மலிவான உழைப்பைத் திரட்டிக் கொடுப்பதில் இச்சட்டத்துக்கிருந்த பங்கு வரலாற்றாசிரியர் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டதே.

எனினும், விடுதிக்கு வெளியே உதவி வழங்குவதைத் தடைசெய்த 1844ஆம் ஆண்டின் ஆணை, நோய், விபத்து, உடலின் அல்லது மனத்தின் தளர்ச்சி ஆகியவற்றுக்கு வெளிப்படையாகவே விலக்களித்தது. விண்ணப்பித்தவனின் நோய் மட்டுமன்றி, அவன் குடும்பத்தவரின் நோயும் இவ்விலக்கினுள் அடங்கிற்று. இதனைக் கருணையின் வெளிப்பாடு என்று கொள்வது பொருந்தாது. நோயாளியை வேலைக்கு அச்சுறுத்திப் பயனில்லை என்ற வெறுங்கணக்கே அதன் அடிப்படை. அக்கணக்கைச் சட்விக்கே ஏற்கெனவே விரித்துரைத்திருந்தார். உழைக்கும் மக்களின் சுகாதார நிலைபற்றி 1842இல் அவர் வெளியிட்ட அறிக்கை, அழுக்கும் நோயும் குடும்பத் தலைவர்களைக் கொன்று, விதவைகளையும் அநாதைகளையும் வறியோர் வரியின்மீது சுமத்துகின்றன எனக் காட்டியது. வறுமைக்குச் சோம்பலே காரணம் என்ற நோக்கிற் சட்டம் செய்தவர், எட்டாண்டுகளுள், நோயும் வறுமைக்குக் காரணம் என்று எழுத நேர்ந்தது. கண்ட உண்மை அவர் கோட்பாட்டை வளைத்தது எனலாம்.

அவ்வளைவு முழுமையானதன்று. வறியோர் நிதியிலிருந்து மருந்து பெற்றவன் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் தகுதியை இழந்தான். 1885ஆம் ஆண்டுச் சட்டமே, மருத்துவ உதவி மட்டும் பெற்றோருக்கு அத்தடையை நீக்கியது. முந்திய ஆண்டிலே கிராமப்புறத் தொழிலாளருக்கு வாக்குரிமை விரிவுபடுத்தப்பட்டிருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. வாக்குப் பெற்றவன் மருந்துக்காக அதனை இழப்பது அரசியல்வாதிகளுக்குத் திடீரெனப் பொருந்தாததாய்த் தோன்றியதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் இவ்வழக்கு நிறவேற்றுமையோடு பின்னிப் பிணைந்தது. உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 மார்ச் மாதத்தில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென விடுதலையானோர் பணியகம் நிறுவப்பட்டது. அதன் மருத்துவப் பிரிவு தென்பகுதியெங்கும் வைத்தியசாலைகளை நடத்தியது. உணவுப் பங்கீடு இம்மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்ற கூச்சல் எழுந்தபோது, பணியகத் தலைவர் ஒலிவர் ஹவார்ட் 1866 ஒக்டோபர் முதல் பங்கீட்டை நிறுத்த ஆணையிட்டார். அவ்வாணையிலும் வைத்தியசாலை நோயாளருக்கும் அநாதை விடுதிகளுக்கும் விலக்கு இருந்தது. நேற்றுவரை ஊதியமின்றி உழைத்தவரை நோக்கி ‘உழைக்கப் பழகுக’ என்று உபதேசித்த அரசுங்கூட, வைத்தியசாலை வாயிலில் அவ்வுபதேசத்தை நிறுத்திக்கொண்டது.

20ஆம் நூற்றாண்டிலே நிபந்தனை வேறொரு வடிவெடுத்தது. தந்தையின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் திட்டத்தில், லூசியானா மாநிலம் 1943இல் ‘வேலைக்கமர்த்தத்தக்க தாய்’ என்றொரு விதியைப் புகுத்தியது. வயல்களில் ஆள் தேவைப்படும் பருவத்தில், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளையுடைய தாய்மாருக்கு உதவி மறுக்கப்பட்டது. ஜோர்ஜியா 1952இல் இதனையொத்த விதியைக் கொணர்ந்தது. பருத்தி பறிக்க யார் அழைக்கப்பட்டனர் என்பதை விளக்க வேண்டியதில்லை. வேலை நிபந்தனை என்பது ஒழுக்கப் போதனையின் மொழியிற் பேசுமெனினும், அது உழைப்புச் சந்தையின் தேவைக்கேற்பத் திறந்து மூடும் ஒரு மதகு என்பதை இவ்விதி போல் வெளிப்படையாகக் காட்டுவது பிறிதில்லை.

மெடிக்கெயிட் தோன்றிய சூழலுக்கு இனி வருவோம். தேசிய காப்புறுதித் திட்டமொன்றை ஜனாதிபதி ட்ரூமன் 1945இல் முன்மொழிந்தார். மருத்துவர் சங்கத்தின் கடும் எதிர்ப்பில் அது மடிந்தது. போர்க்காலத்தில் ஊதிய உயர்வு கட்டுப்படுத்தப்பட்டபோது, தொழிலாளரைக் கவர முதலாளிமார் காப்புறுதி வழங்கத் தலைப்பட்டனர்; வரிச்சலுகையும் அதற்குத் துணைநின்றது. இவ்வாறு மருத்துவக் காப்புறுதி முதலாளியின் கொடையாக உருப்பெற்றது. வயலிலும் சமையற்கூடத்திலும் சில்லறைக் கடையிலும் உழைத்தோர் பெரும்பாலும் இக்கொடைக்கு வெளியே நின்றனர். இம்முறையில் எஞ்சிய வெற்றிடத்தின் ஒரு மூலையை நிரப்பவே, 1965 யூலை 30இல் ஜனாதிபதி ஜோன்சன், முதியோருக்கான மெடிக்கெயரையும் வறியோருக்கான மெடிக்கெயிட்டையும் சட்டமாக்கினார். தொடக்கத்தில் மெடிக்கெயிட் முதியோர், பார்வையற்றோர், அங்கவீனர், ஆதரவற்ற பிள்ளைகளும் அவர்தம் தாய்மாரும் என்னும் பழைய உதவிப் பிரிவுகளையே பின்பற்றியது. பிள்ளையற்ற வறிய தொழிலாளிக்கு அதில் இடமில்லை.

இப்பிணைப்பு மெல்ல மெல்ல அவிழ்ந்தது. 1980களில் கர்ப்பிணிகளும் சிறுவரும் உதவித்தொகையைச் சாராது சேர்க்கப்பட்டனர். 1996ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடயத்தில் மிக முக்கியமானது. உதவித்தொகைமீது வேலை நிபந்தனையையும் ஐந்தாண்டுக் கால எல்லையையும் விதித்த அதே சட்டம், மெடிக்கெயிட்டை உதவித்தொகையிலிருந்து பிரித்து வைத்தது. மெடிக்கெயிட்டின் நோக்கங்களுள் வேலையைச் சேர்க்கவில்லை. பணவுதவிக்கு வேலை கேட்கலாம், மருந்துக்குக் கேட்பது வேறு என்ற பழைய தயக்கம் அன்றும் எஞ்சியிருந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டம், வறுமைக் கோட்டின் 138 வீதம் வரை வருமானமுள்ள வளர்ந்தோர் அனைவரையும் திட்டத்துட் கொணர்ந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் இவ்விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. ‘உடல்வலுவுடையோர்’ திட்டத்துட் புகுந்ததும் 1834இன் குரலும் உடன் புகுந்தது.

2018 சனவரியில் மத்திய நிருவாகம், மாநிலங்கள் வேலை நிபந்தனை விதிக்கலாம் என அறிவித்தது. மறுநாளே கென்ரக்கியின் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. புதுச் சட்டமொன்று இயற்றப்படவில்லை. பரிசோதனைத் திட்டங்களுக்கு விதிவிலக்களிக்கும் பழைய பிரிவொன்றே பயன்படுத்தப்பட்டது. அத்தகைய பரிசோதனை மெடிக்கெயிட்டின் நோக்கங்களை வளர்ப்பதாக இருத்தல் வேண்டும் என்பது நியதி. ஆகவே வழக்கு முழுவதும் அந்நோக்கங்கள் யாவை என்ற வினாவில் வந்து நின்றது. 1965ஆம் ஆண்டு வாசகம் மருத்துவ உதவியை முதலிலும், புனர்வாழ்வுச் சேவைகள் மூலம் ‘சுயாதீனத்தையோ சுயபராமரிப்பையோ’ அடையத் துணைபுரிதலை அடுத்தும் கூறுகின்றது. நிபந்தனையின் ஆதரவாளர் ‘சுயாதீனம்’ என்ற அவ்வொரு சொல்லைப் பற்றிக்கொண்டனர். அரசின் உதவியின்றி வாழ்தலே சுயாதீனம் என்றும், காப்புறுதியை விட்டு நீங்குவதே காப்புறுதித் திட்டத்தின் நோக்கம் என்றும் வாதம் வளர்ந்தது. படுக்கையிலிருந்து தானே எழுந்து நடக்கும் வலிமையைக் குறித்த சொல், மருந்துப் பட்டியலிலிருந்து பெயரை வெட்டும் கருவியாயிற்று. சொற்பொருள் வரலாற்றில் ஈடுபாடுள்ள எமது வாசகர் இதனைத் தனியே ஆராயலாம்.

மாவட்ட நீதிபதி ஜேம்ஸ் போஸ்பேர்க் கென்ரக்கியின் அங்கீகாரத்தை, நடைமுறைக்கு வரச் சில நாட்களே இருக்கையில், 2018 யூன் 29இல் இரத்துச் செய்தார். ஆர்கன்சோவின் திட்டம் 2019 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2020 பெப்ரவரியில் வாசிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆர்கன்சோ பற்றிய தீர்ப்பை ஏகமனதாக உறுதிசெய்தது. அதனை எழுதியவர் டேவிட் சென்ரெல், ரீகனால் நியமிக்கப்பட்டவர். எத்தனை பேர் காப்புறுதியை இழப்பர் என்பதை நிருவாகம் கருத்திற் கொள்ளவேயில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இழந்தோர் யாவர்? ஹார்வாட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. நிபந்தனைக்குட்பட்ட வயதினருள் காப்புறுதியற்றோர் 10.5 வீதத்திலிருந்து 14.5 வீதமாகப் பெருகினர். வேலை செய்வோர் தொகையிற் குறிப்பிடத்தக்க மாற்றமெதுவும் இல்லை. நிபந்தனைக்கு இலக்கானோருள் 95 வீதத்துக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அதனை நிறைவேற்றியோர் அல்லது விலக்குக்கு உரியோர். மூன்றிலொரு பங்கினர் நிபந்தனையைக் கேள்விப்பட்டிருக்கவுமில்லை. ஆகவே அளக்கப்பட்டது உழைப்பு அன்று. கணினியும் மின்னஞ்சலும் படிவமும் கையாளும் ஆற்றலே அளக்கப்பட்டது. பின்வந்த ஆய்வொன்றில், காப்புறுதியை இழந்தோரிற் பாதிப் பேர் மருத்துவக் கடனைச் செலுத்த இடர்ப்பட்டதாகவும், 64 வீதத்தினர் செலவுக்கஞ்சி மருந்தை ஒத்திப்போட்டதாகவும் கூறினர்.

உழைப்பில் மேன்மை உண்டு, அதனை அரசு ஊக்குவித்தல் தகும் என்னும் வாதத்தை நாம் எளிதிற் தள்ளிவிட விரும்பவில்லை. முற்போக்காளரும் உழைப்பைப் போற்றுவோரே. ஆயின் நீரிழிவுக்கு மருந்தின்றி எவரும் எண்பது மணித்தியாலம் நின்று உழைக்க இயலாது. வேலையே வேண்டுமெனில் மருந்து முதலில் வருதல் வேண்டும் என்பதே தர்க்கம். மேலும், மெடிக்கெயிட் பெறும் வளர்ந்தோரிற் பெரும்பாலோர் உழைப்போரே. அங்கவீன உதவியோ மெடிக்கெயரோ பெறாத, 65 வயதுக்குட்பட்டோருள் 64 வீதத்தினர் 2023இல் வேலை செய்தனர். எஞ்சியோரிற் பலர் நோயுற்றோர், பிறரைப் பராமரிப்போர், மாணவர். உணவகத்திலும் வீட்டுப் பராமரிப்பிலும் வேலை நேரத்தை நிர்ணயிப்பவர் முதலாளி. ஒரு மாதம் நூறு மணித்தியாலம், மறுமாதம் அறுபது. குறைந்த நாற்பதுக்குத் தண்டனை பெறுபவர் தொழிலாளி.

ஜோர்ஜியாவின் அனுபவம் இன்னும் தெளிவானது. விரிவாக்கத்தை ஏற்காத அம்மாநிலம் 2023 யூலையில் வேலை நிபந்தனையுடன் கூடிய ஒரு சிறு திட்டத்தைத் தொடக்கியது. பல்லாயிரவர் சேர்வர் என்று மதிப்பிடப்பட்டிருக்க, முதலாண்டிற் சேர்ந்தோர் நாலாயிரத்துச் சொச்சம். மத்திய கணக்காய்வு அலுவலகம் 2025இல் ஆராய்ந்தபோது, நிருவாகத்துக்குச் சென்ற தொகை சிகிச்சைக்குச் சென்ற தொகையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. 1952இல் தாய்மாரை வயலுக்கு அனுப்பிய மாநிலமும் இதுவே என்பதை வாசகர் மறந்திரார்.

இவ்வளவும் அறிந்த பின்னரே 2025 யூலை 4இல் கைச்சாத்தான சட்டம், விரிவாக்கத்தின்கீழ் வரும் 19 முதல் 64 வயதினர்மீது மாதம் 80 மணித்தியால நிபந்தனையை நாடு தழுவியதாக்கியது. மாநிலங்கள் பிந்திய எல்லையாக 2027 சனவரி 1இல் அதனைத் தொடக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. 13 வயதும் அதற்குட்பட்டதுமான பிள்ளையின் பெற்றோருக்கும் உடல்நலம் மிகக் குன்றியோருக்கும் விலக்குண்டு. ஆனால் 1844இல் நோயே விலக்குக்குப் போதுமான காரணமாயிருந்தது. இங்கு நோய், பதிவேட்டில் ஏறினாலன்றி விலக்காவதில்லை. காப்புறுதியில்லாதவர் தம் நோயை மெய்ப்பிக்கும் மருத்துவச் சான்றை எவ்வாறு பெறுவார் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. புதிதாக விண்ணப்பிப்பவர் முந்திய ஒரு மாதத்திலேனும் நிபந்தனையை நிறைவேற்றியிருத்தல் வேண்டும். ஆகவே நோயால் வேலையிழந்தவர் வாயிலிலேயே தடுக்கப்படலாம். நிபந்தனையில் தவறியவர் தனியார் காப்புறுதிக்கான அரச மானியத்தையும் பெறார்.

நீதிமன்றங்கள் எழுப்பிய வினா இனி இவ்வடிவில் எழாது. நிருவாகம் சட்டத்தின் நோக்கத்தை மீறியதென்று 2020இற் கூறமுடிந்தது. 2025இல் சட்டமே மாற்றப்பட்டது. காங்கிரசின் வரவுசெலவு அலுவலகம், இந்நிபந்தனையால் 2034இல் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடுதலாகக் காப்புறுதியற்றோராவர் என்றும், பத்தாண்டில் 30,000 கோடி டொலருக்கு மேல் மிஞ்சும் என்றும் கணித்தது. அம்மிச்சம், மக்கள் வேலைக்குச் சென்று வருமானம் உயர்ந்து திட்டத்தை விட்டு நீங்குவதால் வருவதன்று. அவர்களுக்குச் செலவிடப்படாது போகும் மருத்துவத்தின் விலையே அது.