வலிக்காத கட்டியும் தாமதமாகும் நோயறிதலும்

தோல் புற்றுநோய் என்றதும் கரும்புள்ளியும் நிறம் மாறும் மச்சமும்தான் நினைவுக்கு வரும். மெர்க்கல் செல் புற்றுநோய் அப்படித் தோன்றுவதில்லை. முகத்திலோ கழுத்திலோ கையிலோ சிவப்பாக, சில நேரம் ஊதா சாயலோடு, உருண்டையான கெட்டிக் கட்டியாக எழும்பும். வலிக்காது. அதனால் வந்தவரும் பொருட்படுத்துவதில்லை. பார்த்த மருத்துவரும் பல நேரம் சந்தேகப்படுவதில்லை. நோய் அரிதானது, ஆனால் மெலனோமாவைவிட உயிரிழப்பு விகிதம் கூடியது. அமெரிக்கப் பாடகர் ஜிம்மி பஃபெட் நான்கு ஆண்டுகள் இதனுடன் போராடி 2023 செப்டம்பரில் இறந்தார்.

நோயறிதல் சறுக்கும் இடம் ஆய்வகம் அன்று, முதற்பார்வை என்பதே இக்கட்டுரையின் வாதம். 2008இல் அமெரிக்காவில் வெளியான, 195 நோயாளிகளை ஆராய்ந்த ஆய்வு இதற்கு வலுவான சான்று. திசு எடுக்கும் வேளையில் 56 விழுக்காட்டுக் கட்டிகள் தீங்கற்றவை என்றே கருதப்பட்டன. மருத்துவர்கள் அதிகம் ஊகித்தது நீர்க்கட்டி அல்லது பரு போன்ற ஒன்று. கட்டி தோன்றியதிலிருந்து திசு ஆய்வு வரை கடந்த காலத்தின் இடைநிலை அளவு 3 மாதம். ஒருவருக்கு 54 மாதம்.

அதே ஆய்வு, ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஆங்கில உயிரெழுத்துகளில் ஐந்து குறிப்புகளைத் தொகுத்தது: வலியின்மை, விரைவான வளர்ச்சி, நோயெதிர்ப்புக் குறைவு, 50 வயதைக் கடந்திருத்தல், வெளிர்தோலில் வெயில் படும் இடம். 89 விழுக்காட்டினருக்கு மூன்றோ அதற்கு மேலோ பொருந்தின. இவற்றுள் வளர்ச்சியின் வேகத்துக்கே முதன்மை தர வேண்டும். கடைசிக் குறிப்பைக் கொண்டு ஒருவரை விலக்கிவிடக் கூடாது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு கட்டி வெயில் படாத இடத்தில் இருந்தது. கருந்தோல் உள்ளவரிடம் இக்குறிப்பு பொருந்தவில்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

திசு ஆய்வகத்தை அடைந்துவிட்டால் பாதி வழி கடந்தாயிற்று. 1972இல் சிரில் டோக்கர் முதன்முதலில் இந்தக் கட்டியை விவரித்தபோது அது வியர்வைச் சுரப்பியிலிருந்து வந்தது என்று எண்ணினார். பின்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நரம்பு நாளமில் செல்களுக்குரிய துகள்கள் தெரிந்தன. சிறிய, நீலமாகச் சாயம் ஏற்கும் இந்தச் செல்கள் நுரையீரலின் சிறுசெல் புற்றுநோயையும் லிம்ஃபோமாவையும் ஒத்திருப்பவை. வேறுபடுத்திக் காட்டுவன புரதச் சாயங்கள்: சைட்டோகெரட்டின் 20 உட்கருவின் அருகே புள்ளியாகத் தெரியும், நுரையீரல் கட்டிகளில் பெரும்பாலும் காணப்படும் டிடிஎஃப்-1 இங்கே பொதுவாக இராது.

காரணத்தைப் பற்றிய அறிவும் வளர்ந்தது. 2008இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் யுவான் சாங், பேட்ரிக் மூர் குழுவினர் பத்துக் கட்டிகளில் எட்டில் புதிய பாலியோமா வைரஸைக் கண்டனர். இந்த வைரஸ் பெரும்பாலோர் உடலில் தீங்கின்றித் தங்கியிருக்கிறது. வைரஸ் இல்லாத கட்டிகளில் புறஊதாக் கதிர் விளைத்த மரபணுச் சேதம் மிகுதி.

மருந்தும் வந்துவிட்டது. முன்பு கீமோதெரபி பலிக்காத 88 பேருக்கு அவெலுமாப் கொடுத்தபோது 28 பேரின் கட்டிகள் சுருங்கின. 2017இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் வழங்கியது. ஆனால் மருந்தை நம்பித் தாமதிக்க முடியாது: கையால் தடவிப் பார்த்தும் வீக்கம் தெரியாதவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நிணநீர்க் கணுவில் நோய் ஒளிந்திருக்கும். ஆகவே சில வாரங்களில் பெரிதாகும் வலியற்ற கட்டியை, வயதானவரிடமும் உறுப்பு மாற்று செய்துகொண்டவரிடமும் குறிப்பாக, உடனே திசு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்; நோய் உறுதியானால் அருகிலுள்ள முதல் நிணநீர்க் கணுவையும் சோதிக்க வேண்டும்.