தரிசுக்குக் கூலி

உழாமல் போட்டு வைத்தால் அரசாங்கம் காசு கொடுக்கும் என்று சொன்னால் நம் பக்கத்தில் சிரிப்பார்கள். அமெரிக்காவில் இது தொண்ணூறு வருஷப் பழக்கம். 'பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம்' என்று அதற்கு இன்று பெயர். நிலத்துக்காரர் 10 முதல் 15 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கோதுமையையும் மக்காச்சோளத்தையும் நிறுத்திவிட்டு, புல்லும் பயறு வகைச் செடிகளும் வளர்த்து மண்ணை மூடி வைக்க வேண்டும். வருஷா வருஷம் அரசு வாடகை தரும். அந்தப் புல்லுக்குள் வாத்து முட்டையிடுகிறது, புல்வெளிப் பறவை கூடு கட்டுகிறது. சூழலியல் பேசுகிறவர்கள் இதை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். காட்டட்டும். இந்தக் காசோலை எந்த வரலாற்றிலிருந்து கிளம்பி வந்தது, அதில் யார் பெயர் எழுதப்பட்டது என்ற கேள்வி நமக்கு முக்கியமாகப் படுகிறது.

தொடக்கத்தில் பறவை கிடையாது, மண்ணும் கிடையாது, விலைதான். 1933இல் ரூஸ்வெல்ட் அரசு கொண்டுவந்த விவசாயச் சீரமைப்புச் சட்டத்தின் நோக்கம் உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றுவது. அந்த வருஷமே வளர்ந்து நின்ற பருத்தியில் 1 கோடி ஏக்கருக்கு மேல் உழுது அழித்தார்கள். சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். நாடு பசியில் கிடந்த காலம் அது.

சரி, காசு யாருக்குப் போனது? தெற்கு மாநிலங்களில் பருத்தி விளைவித்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத வாரக்குடிகள், கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும். 1934-35 பருத்தி ஒப்பந்தத்தின் கணக்கைப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு மூன்றரை சென்ட் வாடகை, அது முழுக்க நிலத்துக்காரருக்கு. அதுபோக ஒரு சென்ட் ஈட்டுத்தொகை, அதில் பாதி வாரக்குடிக்கு. ஆக நாலு சென்ட் அவருக்கு, அரை சென்ட் இவருக்கு. அந்த அரை சென்ட்டும் நிலத்துக்காரர் கை வழியாகத்தான் வர வேண்டும்; கடன் கணக்கில் அது கரைந்துபோவது சாதாரணம். குடியானவனை வெளியேற்றிவிட்டால் முழுத்தொகையும் மிச்சம். எனவே வெளியேற்றினார்கள். உழாத நிலத்துக்கு உழுகிறவன் எதற்கு?

1934 ஜூலையில் ஆர்க்கன்சா மாநிலத்தின் டைரோன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். நிறவெறி கோலோச்சிய மண்ணில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்ததே பெரிய குற்றம். அடியும் உதையும் துப்பாக்கிச் சூடும் அவர்களுக்குக் கிடைத்தன. வாஷிங்டனில் ஜெரோம் ஃபிராங்க் தலைமையிலிருந்த இளம் வழக்கறிஞர்கள், ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவுப்படி அதே குடிகளை நிலத்தில் வைத்திருக்க வேண்டும் என்று பொருள் சொன்னார்கள். பிரிவிலோ 'இயன்றவரை' என்றொரு சொல் இருந்தது. சட்டப் பிரதிகளில் இப்படிப்பட்ட சொற்கள் சும்மா வந்து உட்காருவதில்லை. 1935 பிப்ரவரியில் நிர்வாகி செஸ்டர் டேவிஸ் அந்த வழக்கறிஞர்களை வேலையை விட்டு நீக்கினார். வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸ், முற்போக்காளர் என்று பெயரெடுத்தவர், டேவிஸ் பக்கம் நின்றார்.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் மையப் பகுதிகளைச் செல்லாது என்றது. எட்டே வாரத்தில் புதுச் சட்டம் தயார். இந்த முறை காரணம் மண். புழுதிப் புயல்கள் சமவெளியை மூடியிருந்த காலம், மண்ணரிப்பு நிஜமான பேரழிவு. ஆனால் பட்டியலைக் கவனிக்க வேண்டும். 'மண்ணை உறிஞ்சும் பயிர்கள்' என்று குறித்தவை பருத்தி, கோதுமை, மக்காச்சோளம், புகையிலை: சந்தையில் மிதமிஞ்சிக் கிடந்த அதே சரக்குகள். 'மண்ணைக் காக்கும் பயிர்கள்' என்று புல்லையும் பயறு வகைகளையும் குறித்தார்கள், வளர்த்தால் காசு. விலை என்ற சொல்லாடல் மண் என்ற சொல்லாடலுக்குள் வேஷம் மாற்றிக்கொண்டது. மண் பொய் என்று சொல்லவில்லை. பொருத்தமான நேரத்தில் கிடைத்த உண்மை அது.

பறவை 1956இல் வருகிறது. 'மண் வங்கி' என்ற அந்தத் திட்டத்தில் 1960 வாக்கில் 2 கோடியே 87 லட்சம் ஏக்கர் புல்லுக்குப் போனது. தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி இனம் பெருகியது; வேட்டைக்காரர்கள் குவிந்தார்கள். ஃபெசன்ட்டை 1880களில் சீனாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அந்நியப் பறவை அந்த மாநிலத்தின் சின்னமாகிவிட்டது, லகோட்டா மக்களோ ஒதுக்கிடங்களில். ஒப்பந்தங்கள் முடிந்ததும் நிலம் மறுபடி உழவுக்குப் போனது, பறவையும் குறைந்தது. 1970களில் வேளாண் செயலர் ஏர்ல் பட்ஸ் வேலிக்கு வேலி விதைக்கச் சொன்னார்; விதைத்தவர்கள் 1980களில் கடனில் மூழ்கினார்கள்.

1985 டிசம்பரில் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தில்தான் இன்றைய திட்டம் பிறந்தது. 1996க்குப் பின் மண், நீரோடு காட்டுயிரும் சம அளவுகோலானது. பலன் இருந்தது, அதை மறுப்பது நேர்மையல்ல: வடக்குச் சமவெளியின் நீர்க்குட்டைப் பகுதியில் 1992 முதல் 1997 வரை இந்தப் புல்லால் கூடுதலாகப் பிழைத்த வாத்துகள் 1 கோடியே 24 லட்சம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் 2007இல் 3 கோடியே 68 லட்சம் ஏக்கரைத் தொட்ட திட்டம், எத்தனாலுக்காக மக்காச்சோள விலை ஏறியதும் சுருங்கத் தொடங்கியது. 2014 சட்டம் உச்சவரம்பை 2 கோடியே 40 லட்சமாக்கியது. ஒப்பந்தம் முடிந்த புல்வெளியை உழுதார்கள். வாத்துக்குப் பட்டா கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 1985 சட்டத்தில், குத்தகைதாரர்கள், வாரக்குடிகள் நலனைக் காக்க வேண்டும், தொகையில் நியாயமான பங்கு தர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஏழாம் பிரிவில் டைரோன்சாக்காரர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அதற்குள் பருத்தி பறிக்கும் எந்திரம் வந்து, வாரக்குடிகள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போய்விட்டார்கள். வாரக்குடிகளைத் தனியாக எண்ணிய கடைசி விவசாயக் கணக்கெடுப்பு 1959இல் நடந்தது.