சில கிலோபைட்டுகளில் ஒரு பாடல்: இலவச சிப்டியூன் இசையைத் தேடி

மீன்வலை பின்னும் பெண்களைப் பற்றி நான் தயாரித்த ஆறு நிமிடக் காணொளியின் ஒலியை, அதைப் பதிவேற்றிய தளம் முடக்கிவிட்டது. பின்னணியில் நான் சேர்த்திருந்தது ஒரு திரைப்படத்தின் இசைத்துண்டு. உரிமை கேட்காமல் போட்டது என் பிழைதான். காசு கொடுத்து உரிமை வாங்கவும் வசதி இல்லை. இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கும் இசையைத் தேடப்போய், சிப்டியூனில் வந்து நின்றேன்.

பழைய வீட்டுக் கணினிகளிலும் விளையாட்டுக் கருவிகளிலும் இருந்த ஒலிச் சில்லுகளைக் கொண்டு ஆக்கப்படும் இசையே சிப்டியூன். 1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியில் ‘சிட்’ என்ற சில்லு இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று குரல்கள்தான் அதில் எழும். மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலித்தாலே எல்லாம் தீர்ந்துவிடும். மெட்டுக்கும் தாளத்துக்கும் எங்கே போவது? அக்காலத்து இசையமைப்பாளர்கள் ஒரே குரலில் அந்த மூன்று சுரங்களையும் வினாடிக்கு 50 தடவை வரை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். காது அதை நடுங்கும் ஒரு கூட்டொலியாகக் கேட்கிறது. இன்று சிப்டியூனின் அடையாளமாகிவிட்ட அந்தக் குமிழியிடும் ஓசை பற்றாக்குறையில் பிறந்ததுதான். 1989இல் வந்த கேம் போயில் நான்கு ஒலித்தடங்கள். சுவீடனின் யொஹான் கொட்லின்ஸ்கி உருவாக்கிய ‘எல்எஸ்டிஜே’ மென்பொருள் அந்த விளையாட்டுப் பெட்டியை ஓர் இசைக்கருவியாகவே மாற்றிவிட்டது.

ரீலோட் போட்டு இணையம் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. 1987இல் அமிகா கணினிக்காக கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய ‘அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர்’ வழியாக ‘மொட்’ என்ற கோப்பு வகை வந்தது. முழுப் பாட்டின் ஒலியும் அதில் பதிவாவதில்லை. சில வாத்தியத் துண்டுகளும், எதை எப்போது எந்தச் சுரத்தில் ஒலிக்க வேண்டும் என்ற கட்டளைகளும் மட்டுமே இருக்கும். ஆகவே பல பாடல்கள் நூறு, இருநூறு கிலோபைட்டுகளில் அடங்கிவிடுகின்றன. சிட் கோப்புகள் சில கிலோபைட்டுகள்தான். ‘மொட் ஆர்கைவ்’ தளத்திலும் ‘ஹை வோல்டேஜ் சிட் கலெக்ஷன்’ தொகுப்பிலும் இவை பல்லாயிரக்கணக்கில் கிடக்கின்றன. மொட் கோப்புகளைக் கணினியிலுள்ள வீஎல்சியே இயக்கும்.

முழு இசைத்தொகுப்பாகக் கேட்க விரும்பினால் ‘8பிட்பீப்பிள்ஸ்’ வெளியீடுகளிலிருந்து தொடங்கலாம். 1999இல் தொடங்கிய இக்குழு பல தொகுப்புகளை இலவசமாகவே தந்தது. அனமனகுச்சி இசைக்குழுவின் ‘பவர் சப்ளை’ (2006) அவற்றில் ஒன்று. பழைய நிண்டெண்டோ ஒலியும் கிட்டாரும் மோதிக்கொள்ளும் அதை நான் மூன்று நாள் விடாமல் கேட்டேன். மென்மையான மின்னிசை பிடித்தவர்கள் இன்டர்நெட் ஆர்கைவின் ‘நெட்லேபல்ஸ்’ பிரிவில் ‘மொனோடொனிக்’ என்று தேடிப் பாருங்கள். பாண்ட்கேம்பில் ‘விரும்பிய விலை’ என்று இருந்தால், பெரும்பாலும் பூச்சியம் என்று இட்டும் தரவிறக்கலாம். முடிந்த மாதத்தில் ஏதாவது கொடுப்பது நல்லது. அந்தப் பக்கத்தில் இருப்பவரும் பெரும்பாலும் நம்மைப்போல வீட்டிலிருந்து வேலை செய்பவர்தான்.

ஆனால் இலவசமாகக் கேட்கலாம் என்பதால் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடாது. இரண்டாவது முறையும் நான் தடுக்கி விழப் பார்த்த இடம் இதுதான். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் ‘பிவை’ மட்டும் இருந்தால், உரிமத்தையும் ஆக்கியவர் பெயரையும் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ‘என்சி’ இருந்தால் வணிக நோக்கம் கூடாது. ‘என்டி’ என்றால் மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. இசையைக் காட்சியோடு பொருத்துவதும் அவ்வுரிமங்களின்படி மாற்றியமைத்தலே. நான் ஆசைப்பட்ட முதல் தொகுப்பில் இந்த ‘என்டி’ இருந்தது. விட்டுவிட்டேன்.

விரும்பியதை உடனே சேமித்தும் வையுங்கள். அமெரிக்க வானொலியான டபிள்யூஎஃப்எம்யூ 2009இல் தொடங்கிய ‘ஃப்ரீ மியூசிக் ஆர்கைவ்’, 2018இல் மூடப்படப் போவதாக அறிவித்தது. வேறு நிறுவனம் பொறுப்பேற்றதால்தான் தப்பியது. நான் இப்போது பாட்டோடு உரிமம் தெரியும் பக்கத்தின் படத்தையும் அதே கோப்புறையில் போட்டு வைக்கிறேன்.

காணொளியை ஒரு ‘பிவை’ பாடலோடு மறுபடி ஏற்றினேன். அதிலுள்ள அக்கா ஒருவருக்குப் போட்டுக் காட்டியபோது அவர் கேட்டார்: “இதென்ன தம்பி, பெடியள் போனில கேம் விளையாடுற சத்தம் மாதிரிக் கிடக்கு?”