திரைக்காப்பு அமைவுக் கோப்பு
லினக்ஸ் கணினி வாளாவிருக்கும்போது திரையை மறைத்துப் பூட்டும் நிரலின் நடத்தையை, சொடுக்கி மாற்றாமல், எழுத்துக் கோப்பில் நேரே எழுதி நிர்ணயிக்க உதவும் சாதனம். ஜேமி ஜவின்ஸ்கி 1992இல் வெளியிட்ட எக்ஸ்ஸ்கிரீன்சேவர் இத்தகைய நிரலுக்குப் பிரசித்தமான உதாரணம். பயனரின் இல்ல அடைவில், பெயரின் முன் புள்ளி பெற்று மறைந்திருக்கும் கோப்பில், ‘டைம்அவுட்’ என்பதற்கு எதிரே 0:10:00 என்று எழுதினால் பத்து நிமிஷத்தில் காட்சி தொடங்கும். ‘லாக்’ என்பதற்கு ‘ட்ரூ’ என்றிட்டால், திரும்பி வருபவரிடம் கடவுச்சொல் கேட்கும். அதன் காட்சிகளுள் சிவகாசிக்காரர் முதலில் நாடத் தக்கது, வாணவேடிக்கையைச் சித்திரிக்கும் ‘பைரோ’. புகையும் ஓசையும் இல்லாமை அதன் குறையா நிறையா என்பது அபிப்பிராய பேதத்துக்குரியது.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே, விருதுநகர் மாவட்டம் உட்பட மாநிலமெங்கும் மாணவர் கைக்கு வந்த, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம், க்னோம் மேசைச் சூழலைச் சார்ந்திருந்தது. தற்கால க்னோமில் திரை மறையும்முன் காத்திருக்கும் நேரமான ‘ஐடில்-டிலே’ விநாடிக் கணக்கில் அமையும். பூஜ்யமிட்டால் திரை மறைவதே இல்லை. பல கணினிகள் உள்ள பள்ளியில், நிர்வாகி, க்னோமின் அமைவுகளைச் சேமிக்கும் ‘டிகான்ஃப்’ அடைவில் விதியை எழுதி, அதன் பெயரை ‘லாக்ஸ்’ உள்ளடைவிலும் பதிந்து, ‘டிகான்ஃப் அப்டேட்’ கட்டளையிட்டால், மாணவர் எவரும் அதனை மாற்ற இயலாது.