கருப்பைப் புற்றுநோயைக் கண்டறிதல்

கருப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் கருப்பையின் உட்சவ்வில் தோன்றுகிறது. இது கருப்பை வாய்ப் புற்றிலிருந்து வேறானது. அந்நோயைத் தேடும் பாப் ஸ்மியர் சோதனையை நம்பி இதை இல்லையென்று சொல்லிவிட முடியாது.

மாதவிடாய் நின்றுபோன பின் வரும் உதிரப்போக்கே முதன்மையான அறிகுறி. நோயுற்றோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகை உதிரப்போக்கு இருக்கும். ஆனால் மாதவிடாய் நின்றபின் உதிரம் பட்டு வருவோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே புற்று உறுதியாகிறது. உடல் பருமன், நீரிழிவு, மார்பகப் புற்றுக்காகத் தமாக்சிபன் உட்கொண்டமை ஆகியவற்றையும் மருத்துவர் கேட்டறிவார்.

அடுத்தது பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன். மாதவிடாய் நின்றவருக்கு உட்சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் புற்றுக்கான வாய்ப்பு மிகச் சிறிது. எனினும் உதிரம் மீண்டும் பட்டால் அந்த அளவைக் கொண்டு அமைதி கொள்ளலாகாது. மாதவிடாய் நிற்காதவரிடம் சவ்வின் தடிமன் மாதச் சுழற்சியோடு மாறுவதால் இந்த அளவு பயன்படுவதில்லை.

நோயை உறுதி செய்வது திசுச் சோதனைதான். சுமார் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் குழாயைக் கருப்பைக்குள் செலுத்தித் திசுவை உறிஞ்சி எடுப்பார்கள். புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் முடியும். திசு போதவில்லை என்றாலோ ஐயம் தீரவில்லை என்றாலோ, ஹிஸ்டரோஸ்கோப் வழியே உள்ளே நேரில் பார்த்து எடுப்பார்கள். கருப்பையின் உட்சவ்வைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி-யும் செய்வதுண்டு. நோய்க்கூறியல் வல்லுநர் புற்றின் வகையையும் தரத்தையும் சொல்வார். பி53 புரதம், டி.என்.ஏ. பிழைதிருத்தப் புரதங்கள் ஆகியவற்றுக்கான சோதனைகளும் இப்போது சேர்ந்துள்ளன. பின்னவற்றில் குறை தெரிந்தால், குடும்பவழி வரும் லிஞ்ச் நோய்க்குறி உண்டா என ஆராய்வார்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன், புற்று தசைச் சுவரில் பாதிக்கு மேல் ஊடுருவியதா என்று காட்டும். நோய் எந்த நிலையில் உள்ளது என்பது பெரும்பாலும் அறுவைக்குப் பிறகே உறுதியாகும்.

 தெலங்கானா மாநிலத்தில், அறுவைக்கு முன்பே திசுச் சோதனை செய்வதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2015–16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கு 15–49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள்; இந்தியச் சராசரி 3 விழுக்காட்டை ஒட்டியது. உதிரப்போக்குக்காகத் திசுவைச் சோதிக்காமலே கருப்பையை எடுத்துவிட்டு, பின்னர் அதில் புற்று தெரிந்தால், நிணநீர்க் கணுக்களை அறியாத அரைகுறை அறுவையாக அது நின்றுவிடும். சிலருக்கு மறு அறுவையும் வேண்டியிருக்கும்.

கருப்பையின் தசையில் தோன்றும் சார்கோமா என்னும் புற்று அரிது. அது சாதாரண நார்க்கட்டி போலவே ஸ்கேனில் தெரியக்கூடும். உட்சவ்விலிருந்து எடுக்கும் திசுவிலும் தப்பிவிடலாம். பலரிடம் கட்டியை அகற்றிச் சோதித்த பிறகே அது தெரியவருகிறது.